'எடிட் பண்ணாத படம்' என்னும் பொய்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் குறைவு. லோம்ஸ் வியூ பாயிண்ட் எனப்படும் அந்த இடத்தில் நின்றால் அணையின் நீர்ப்பரப்பு முழுதும் காலடியில் விரிந்து கிடக்கும். நாம் ஏறி வந்த சாலை மடிந்து மடிந்து கீழே இறங்குவது தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் கைப்பிடிச் சுவரில் ஒரு வரையாடும் வந்து நிற்கும்.

அங்கேதான் ஓர் இளைஞர், அப்போதுதான் எடுத்த படத்தைத் தன் கைப்பேசியில் எனக்குக் காட்டினார். சுவர்மேல் தலைநிமிர்ந்த வரையாடு, பின்னால் வளைந்திறங்கும் சாலை, அதற்கும் கீழே தண்ணீர். நல்ல படம். அதைச் சொன்னேன். "எதுவுமே எடிட் பண்ணலண்ணே, எடுத்தது எடுத்தபடி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் படத்துக்கு நற்சான்று கிடைத்துவிட்டது என்று அவர் நம்பியது முகத்தில் தெரிந்தது.

ஆனால் அந்த ஆடு ஏன் அங்கே நின்றது என்பதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். படத்தின் இடது ஓரத்துக்கு இரண்டடி வெளியே ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து நீட்டிக்கொண்டிருந்தார். செங்குத்துப் பாறைகளில் புல் மேய வேண்டிய விலங்கைத் தார்ச்சாலை ஓரத்துக்கு இழுத்து வந்தது அந்தப் பாக்கெட். படத்தில் ஆடு இருக்கிறது, பாக்கெட் இல்லை. காட்டின் கம்பீரம் என்று அதை நூறு பேர் பார்த்து வியப்பார்கள். ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாமல் முழுப்பொய் ஒன்றைச் சொல்லிவிட்டது அந்தப் படம்.

இளைஞரோடு எனக்கு வழக்கில்லை. எடிட் செய்யாத படம் உண்மை, எடிட் செய்த படம் ஏமாற்று என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களோடுதான் வழக்கு. புகைப்படம் கற்றுத்தரும் மூத்தவர்கள், போட்டி நடத்துகிறவர்கள், குடும்ப விசேஷத்தில் படத்தைப் பார்த்ததும் "இது ஒரிஜினலா, எடிட்டா?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். படத்தில் பச்சைப்பசேல் என்றிருந்த சாலையை நம்பிப் பிள்ளைகுட்டிகளோடு நூறு கிலோமீட்டர் போய், காய்ந்து கிடக்கும் புதரைப் பார்த்துத் திரும்பியவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? அந்தக் கோபம் சரி. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த காரணம்தான் தவறு.

முதலில் கேமராவுக்குள் நடப்பதைப் பார்ப்போம். சென்சாருக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டும்தான் தெரியும். கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே ஒரு வண்ண வடிகட்டி இருக்கும். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, மிச்சக் கால்வாசிக்கு நீலம். ஒரு புள்ளி ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்புவார்கள். ஆக, 'எடுத்தது எடுத்தபடி' என்று நீங்கள் காட்டும் படத்தின் நிற எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தவை அல்ல, ஊகித்தவை. அதன் பிறகு கேமரா ஒயிட் பேலன்ஸ் போடுகிறது, கான்ட்ராஸ்ட் ஏற்றுகிறது, விளிம்புகளைக் கூர்மையாக்குகிறது. சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள் இருந்தன. ஜேபெக் ஆக்கும்போது அவற்றை 256 ஆகக் குறைத்து மற்றதை எறிந்துவிடுகிறது. இத்தனையும் எடிட்டிங்தான். செய்தவர் யார் என்பது மட்டுமே வேறு. எங்கோ ஒரு பொறியாளர் எல்லா ஊர்ச் சாலைக்கும் சேர்த்து எழுதிவைத்த கணக்கு அது. அவர் அந்த ஒன்பதாவது வளைவில் உங்களோடு நிற்கவில்லை. நீங்கள் நின்றீர்கள்.

கைப்பேசியில் கதை இன்னும் தூரம் போகிறது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. 2023 மார்ச்சில் ஒருவர் செய்துபார்த்த சோதனை உலகம் முழுதும் பேசப்பட்டது. நிலாவின் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, அறையை இருட்டாக்கி, சாம்சங் கைப்பேசியால் அந்தத் திரையைப் படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் தழும்புகளும் படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு செயற்கை அறிவால் விவரங்களைத் தெளிவாக்குகிறோம் என்று அந்த நிறுவனமே பிறகு விளக்கம் தந்தது. அந்தப் படத்தை எடுத்து ஒரு ஸ்லைடரையும் தொடாமல் அனுப்புகிறவர் தன்னை யோக்கியர் என்று நினைத்துக்கொள்ளலாம். ரா கோப்பை எடுத்துவந்து இரவெல்லாம் உட்கார்ந்து, அன்று பார்த்த வெளிச்சம் இதுதானா என்று தன்னையே கேட்டுக்கேட்டுத் திருத்துகிறவர் மோசடிக்காரரா? இதை என்னால் ஏற்க முடியாது.

மூடுபனி எனக்கு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. அட்டகட்டிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அதன் எதிரே சாலை வலப்புறம் திரும்பி மஞ்சுக்குள் மறையும். விடிகாலையில் அங்கே நின்று எடுத்த படத்தைக் கேமராவின் பின்திரையில் கடைக்காரருக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நம்ம ரோடுதானுங்களா இது? பொகை புடிச்சாப்ல இருக்குதுங்க" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பது எதுவானாலும் சராசரிச் சாம்பல் நிறம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடும். சட்டகம் முழுக்க வெண்பனி நிறைந்தால், வெளிச்சம் அதிகம் என்று முடிவுகட்டி வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். தேயிலைச் செடிகள் கரிக்கட்டையாகிவிடும். விடியலின் நிழல் வெளிச்சத்தில் நீலம் வேறு ஏறியிருந்தது. திருத்தாத அந்தப் படம் அந்தச் சாலையே இல்லை.

வீட்டுக்கு வந்து எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றினேன். நீலத்தைக் குறைத்தேன். தேயிலையின் நிழலை மெல்லத் தூக்கினேன். அவ்வளவுதான் வேலை, ஆனால் முதல் தடவையிலேயே சரியாக வந்துவிடவில்லை. வெண்மையைக் கூடுதலாக ஏற்றியபோது பனி அழிந்து வெறும் காகிதமாகிவிட்டது. மஞ்சளைக் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்தபோது விடியல் மாலையாகிவிட்டது. கண்ணை மூடி அந்தக் காலையை நினைத்துப் பார்த்து, குளிரை நினைத்து, மறுபடி தொடங்கினேன். அடுத்த முறை போனபோது கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டியதும், "ஆமாங்க, காத்தால இப்பிடித்தானுங்க மஞ்சு எறங்கும்" என்றார். முப்பது வருடமாக அந்தச் சாலையைத் தினமும் பார்க்கிறவர் அவர். ஒரு படம் உண்மையா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி அவரைவிட யாருக்கு இருக்கிறது?

நம் கண்ணும் கேமராவைப்போல ஒரே நொடியில் பார்த்து முடிப்பதில்லை. இருபுறமும் புளியமரங்கள் கூரை போட்ட பழைய நெடுஞ்சாலையை உச்சி வெயிலில் நினைத்துப் பாருங்கள். நிழலைப் பார்க்கும்போது கண் நிழலுக்குப் பழகுகிறது. தூரத்தில் மரங்கள் முடியும் இடத்தில் கொளுத்தும் வெயிலைப் பார்க்கும்போது அதற்குப் பழகுகிறது. இரண்டையும் சேர்த்து மனம் ஒரே காட்சியாக்கித் தருகிறது. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. வெயிலைக் காப்பாற்றினால் மரங்கள் கறுப்பாகும். மரங்களைக் காப்பாற்றினால் சாலையின் மறுமுனை வெளுத்துப்போகும்.

அப்படியொரு சாலையை நான் படமெடுத்திருந்தேன். கணினியில் நிழலைத் தூக்கியபோதுதான் அடிமரங்களில் நெடுஞ்சாலைத் துறை பூசிய வெள்ளைப் பட்டையும் அதில் எழுதிய எண்களும் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. 112, 113, 114. ஒவ்வொரு மரமும் கணக்கில் இருந்த மரம். ஆண்டுதோறும் புளி ஏலம்விட்ட மரம். எந்த ஆண்டில் யார் நட்டதோ, எத்தனை மாட்டுவண்டிகளுக்கு நிழல் தந்ததோ. அந்தப் படத்தை ஓர் ஊரில் நடந்த புகைப்படப் போட்டிக்கு அனுப்பினேன். நடுவர் ஒருவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "எடிட் பண்ணியிருக்கீங்களா?" ஆமாம் என்றேன். என்ன செய்தேன், எதற்காகச் செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. படம் ஓரமாகப் போய்விட்டது. சாலையை அகலப்படுத்தியபோது அந்த மரங்களும் போய்விட்டன. இன்று 113-ஆம் மரம் அங்கே நின்றது என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி, நான் திருத்திய அந்தப் படம். திருத்தாத கோப்பில் அங்கே இருட்டு மட்டும்தான் இருக்கிறது.

'பிலிம் காலத்தில் இதெல்லாம் கிடையாது' என்பார்கள். இருந்தது. 36 படம் எடுத்த ரோலைக் கலர் லேபில் கொடுத்துவிட்டு மறுநாள் வாங்கிய தலைமுறை நாங்கள். லேபின் அச்சு இயந்திரத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு நெகட்டிவுக்கும் மஞ்சள், மெஜந்தா, சயான், அடர்த்தி என்று பொத்தான்களை அழுத்தி நிறம் பார்த்தார். அவர் அவசரத்தில் இருந்தால் நம் சாலை பச்சையடித்து வரும், நிதானமாக இருந்தால் அழகாக வரும். ஸ்டுடியோக்களில் நெகட்டிவின்மேல் பென்சிலால் டச்சப் செய்வது தனிக் கைத்தொழிலாகவே இருந்தது. 1990-இல் ஃபியூஜி கொண்டுவந்த வெல்வியா பிலிமை இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் தேடித்தேடி வாங்கியதற்குக் காரணம், அது பச்சையையும் நீலத்தையும் இருப்பதைவிட ஏற்றிக் காட்டியதுதான். சாச்சுரேஷன் ஸ்லைடரைப் பெட்டியில் அடைத்து விற்றார்கள், அவ்வளவே.

இன்னும் பின்னால் போகலாம். 1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், ஸ்ரீரங்கத்தையும் தஞ்சாவூரையும் மதுரையையும் படமெடுத்தார். வைகை ஆற்றுக்கு நடுவே மதுரையை நோக்கிச் செல்லும் தரைப்பாலத்தையும் எடுத்திருக்கிறார். தமிழ்நாட்டுப் பாதை ஒன்றின் மிகப் பழைய படங்களில் அதுவும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளியை மட்டும் மிகையாக வாங்கிக்கொள்ளும். அதனால் வானம் வெறுமையாக வெளுத்துவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ்களின்மேல் சாயம் பூசி மேகங்களைத் தன் கையாலேயே வரைந்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் தமிழ்க் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியாமல், 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். மேகம் வரைந்த கையும் கல்வெட்டை ஒட்டிய கையும் ஒன்றுதான். கருவியால் முடியாததை மனிதன் செய்தான். இந்த மண்ணில் புகைப்படக்கலை வேரூன்றிய நாளிலிருந்தே திருத்தமும் அதோடு இருக்கிறது. நேற்று ஸ்னாப்சீட் செயலி வந்து கெடுத்த பழக்கம் அல்ல.

இன்னொரு புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ். 1941 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் காரில் போய்க்கொண்டிருந்தார். சாலையோரம் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர், கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில், மேலே எழும் நிலா. வண்டியை நிறுத்தி ஓடினார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாச அளவு நினைவில் இருந்ததால் அதை வைத்தே மனக்கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குள் வெயில் போய்விட்டது. அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதி மிகவும் மெலிந்திருந்ததால் 1948-இல் ரசாயனத்தால் அதை அடர்த்தியாக்கினார். அச்சிடும்போது ஓர் இடத்தை மறைத்தும் இன்னோர் இடத்துக்கு வெளிச்சம் கூட்டியும் கொடுத்தார். ஆண்டுகள் போகப்போக அந்த வானத்தை மேலும் மேலும் இருட்டாக்கிக்கொண்டே வந்தார், கடைசியில் மேகத் தீற்றல்கள் கரைந்து கிட்டத்தட்டக் கருவானம் ஆகும்வரை. உலகம் கொண்டாடும் சாலையோரப் படம் அது. எடிட் கூடாது என்று சட்டம் பேசும் பலரின் வீட்டுச் சுவரிலேயே அது தொங்குகிறது.

எதிர்த் தரப்புக்கு நான் வைக்கும் முதன்மையான சான்றும் ஒரு சாலைப் படம்தான். 1855 ஏப்ரலில் கிரிமியப் போர்க்களத்தில் ரோஜர் ஃபென்டன் என்ற புகைப்படக்காரர் ஒரு பள்ளத்தாக்குச் சாலையை ஒரே இடத்தில் முக்காலியை வைத்து இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் சாலை காலி, பீரங்கிக் குண்டுகள் ஓரத்துப் பள்ளத்தில் கிடக்கின்றன. மற்றதில் சாலை முழுக்கக் குண்டுகள். குண்டுகள் சிதறிய படம்தான் புகழ்பெற்றது. எது முதலில் எடுத்தது என்பது நெடுங்காலம் விவாதமாகவே இருந்தது. 2007-இல் திரைப்பட இயக்குநர் எரால் மோரிஸ் அந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார். நிழல்களை ஒப்பிட்டும் விடை கிடைக்கவில்லை. இரண்டு படங்களிலும் சரிவில் கிடந்த சிறு கற்களை ஒப்பிட்டபோது கிடைத்தது. கற்கள் கீழ்நோக்கித்தான் உருளும், மேலே ஏறாது. காலிச் சாலைதான் முந்தையது. குண்டுகள் பிறகே சாலைமேல் வந்திருக்கின்றன. யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று படம் சொல்லாது. ஆனால் நெகட்டிவை யாரும் தொடவில்லை. இன்றைய போட்டி ஒன்றுக்கு அனுப்பினால், 'திருத்தம் இல்லை' என்ற விதியில் அந்தப் படம் தலைநிமிர்ந்து தேறிவிடும்.

ஒன்பதாவது வளைவின் வரையாடும் அப்படித்தான் தேறியது. கேமராவைப் பத்து டிகிரி திருப்பினால் குப்பைமேடு மறைந்துவிடும். நீண்ட லென்ஸைப் போட்டுத் தூரத்திலிருந்து எடுத்தால் தள்ளித்தள்ளி இருக்கும் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் நெருங்கிவிடும். அகன்ற லென்ஸில் சாதாரணத் திருப்பம்கூட அதலபாதாளம்போல் தெரியும். அக்டோபரில் எடுத்த படத்தை மே மாதம் காட்டினால் போதும், நான் முன்பு சொன்ன அந்தக் குடும்பம் காய்ந்த புதருக்கு முன்னால் போய் நிற்கும். இவற்றில் ஒன்றுக்கும் கணினி தேவையில்லை. ஏமாற்று நடக்கும் இடத்தை விட்டுவிட்டு, அது நடக்காத இடத்தில் காவல் போட்டிருக்கிறோம்.

கணினியில் ஏமாற்று நடப்பதே இல்லையா என்றால், நடக்கிறது. அதை மறைக்க மாட்டேன். நேஷனல் ஜியாகிரஃபிக் 1982 பிப்ரவரி அட்டைக்காக கீசா பிரமிடுகளை நெருக்கித் தள்ளிவைத்தது, ஃபோட்டோஷாப் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே. 2020-லிருந்து அந்த மென்பொருளில் வானத்தையே கழற்றி வேறு வானம் மாட்ட ஒரு சொடுக்கு போதும். 2015-இன் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் ஏறக்குறைய 20 சதவீதத்தை விலக்கினார்கள். ஆனால் அவர்கள் விலக்கிய விதத்தைப் பாருங்கள். படத்தோடு அசல் கோப்பையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். சேர்த்தாயா, எடுத்தாயா, இருந்ததை மறைக்கும் அளவுக்கு இருட்டாக்கினாயா என்று பார்த்தார்கள். வெறுமனே 'எடிட்டா' என்று கேட்டுக் கதவைச் சாத்தவில்லை. நம் ஊர்ப் போட்டிகள் இதையாவது செய்யலாம்.

என்னைக் கோபப்படுத்தும் எடிட்டிங்கும் உண்டு. தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை 2017-இல் சாலை திறந்த பிறகு, மேலிருந்து எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. நடுவில் கோடுபோல் சாலை, இருபுறமும் ஒரே பளபளப்பில் பச்சைநீலக் கடல். ராமேஸ்வரத்துக்காரர்கள் வங்காள விரிகுடாப் பக்கத்து அமைதியான கடலைப் பெண்கடல் என்பார்கள், மறுபக்கம் அலையடிக்கும் கடலை ஆண்கடல் என்பார்கள். அந்தச் சாலையில் நடந்தால் இடது காதுக்கு ஒரு சத்தம், வலது காதுக்கு வேறு சத்தம். 1964 டிசம்பர் புயலில் ஓர் ஊரே அழிந்த மணல் அது. இரண்டு கடலையும் ஒரே நிறத்தில் முக்கி எடுக்கிறவர் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய குற்றம் ஸ்லைடரை நகர்த்தியதல்ல. அந்தச் சாலையைத் தெரிந்துகொள்ளாமல் நகர்த்தியது.

அதே குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். மஞ்சு இறங்கும் அந்தச் சாலைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு டீக்கடைக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அச்சுக்கு அனுப்பும் முன், குறுக்கே ஓடிய மின்கம்பியையும் ஓரத்துக் கம்பத்தையும் அழித்திருந்தேன். படத்துக்கு இடைஞ்சல் என்று தோன்றியது. அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, சாலையையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கம்பி எங்கீங்க?"

சொன்னேன்.

"அதுலதானுங்க எங்களுக்குக் கரண்ட் வருது. மழைக்காலத்துல மரம் விழுந்து அது அறுந்துச்சுன்னா மூணு நாளைக்கு இருட்டுதானுங்க."

ஊருக்குத் திரும்பி, கம்பியும் கம்பமும் இருக்கும்படி மறுபடி அச்சிட்டு அடுத்த மாதம் கொண்டுபோனேன். பாய்லருக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருக்கிறார். பனியை நான் வெளுப்பாக்கியதையும் தேயிலையின் நிழலைத் தூக்கியதையும் பற்றி அவர் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.